அந்தச் சிவப்பு அங்கே பொருந்தவில்லை

தாமரைக்குப் பொறுமை கிடையாது, ஐயா. விடிய விரியும், வெயில் உச்சிக்கு ஏற முதலே இதழைக் கூட்டிக்கொண்டுவிடும். பிறகு எந்தப் பெரிய மனிதர் வந்து நின்றாலும் திறக்காது. என்னை அவசரக்காரன் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு இருந்த அவசரம் பூவினுடையது.

நான் யோகலிங்கம். கிளிநொச்சிச் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்து வயிறு வளர்க்கிறவன். பொம்பிளையின் கூறைச்சேலையும் பக்கத்தில் நிற்கிற வாழைமரமும் ஒரே சாம்பலாக விழும். அதைக் கழுவிக் காயப்போட எனக்கு எரிச்சலாக வரும். கப்பலில் வேலை செய்கிற என் சித்தப்பாவின் மகன் கலர் பிலிம் ஒன்று கொண்டுவந்து தந்தான். ஒரேயொரு சுருள். அதை இங்கே கழுவ முடியாது. எடுத்து முடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் கழுவித் திருப்பி அனுப்பும்வரை கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கொழும்பில் ஒரு பெயின்ற் கொம்பனி அறுபத்தைந்தாம் ஆண்டுக் கலண்டருக்குப் படம் கேட்டிருந்தது. பூ, நீர், கட்டிடம் மூன்றும் ஒரே படத்தில் வரவேண்டும் என்பது போட்டியின் விதி. வன்னியில் இந்த மூன்றும் தனித்தனியாக எவ்வளவும் உண்டு. ஒன்றாக நிற்கிற இடம் கிடைப்பதுதான் கஷ்டம். சைக்கிளில் திரிந்து திரிந்து, உருத்திரபுரத்துக்கு அப்பால் ஒரு குளத்தில் அந்த இடத்தைக் கண்டேன். குளக்கட்டின் மேலே, தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில், புதிதாக வெள்ளையடித்த ஒரு சின்னக் கட்டிடம். கட்டுக்குக் கீழே வாய்க்கால் தொடங்குகிற மடு. மடு நிறையத் தாமரை. இளஞ்சிவப்பு என்று சொல்லிவிடுவார்கள். அது சரியான சொல் இல்லை. குழந்தையின் உள்ளங்கை நிறம்.

அன்று காலை போய்ப் பார்த்தால், துருசின் இரும்புச் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. பழைய சேலைக் கிழிசல். ஆனால் நல்ல சாயம். அது அங்கே இருக்கும்வரை தாமரை முழுவதும் வெளிறிப்போய்த் தெரிந்தது. கண்ணை எங்கே வைத்தாலும் அந்தத் துணிக்கே போனது. அப்படியே ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். எடுக்கும்போதே அது சரிவராது என்று தெரிந்துவிட்டது. குளக்கட்டில் ஏறித் துணியை அவிழ்த்து, மடித்து, கமராப் பைக்குள் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அந்தத் துணி ஏன் அங்கே இருந்தது என்பது உங்களுக்கு இப்போது தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடக்கத்தில் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். கட்டுக்கு அடியால் போகிற குழாயைச் சல்வீனியா என்கிற நீர்க்களை வந்து அடைத்துவிடும். அதை எடுக்க ஒருவர் மேலேயுள்ள துவாரத்தால் இறங்கி, குழாய்க்குள் ஊர்ந்து, வெளிவாயை மறித்து நிற்கிற கம்பித் தடுப்புவரைக்கும் போகவேண்டும். உள்ளே உடம்பைத் திருப்ப இடமில்லை. போனபடியே பின்பக்கமாக ஊர்ந்துதான் வரலாம். ஆகவே இறங்குகிறவர் சக்கரத்தில் சிவப்புக் கட்டிவிட்டு இறங்குவார். ஏறினதும் தானே அவிழ்ப்பார். சிவப்பு நிற்கும்வரை சக்கரத்தில் யாரும் கைவைப்பதில்லை. நல்ல வழக்கம். நான் குறைசொல்லவில்லை. பச்சை கட்டியிருந்தால் எனக்கும் இடைஞ்சல் இருந்திராது.

அந்த நேரம் இளையதம்பி சைக்கிளில் வந்தார். ஊருக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிற விதானை அவர். மடுவில் தண்ணீர் வற்றி, தாமரைத் தண்டெல்லாம் சேற்றில் தெரிந்தது. வெள்ளைக் கட்டிடம் தண்ணீரில் நிழலாக விழுந்தால்தான் படம்.

"விதானையார், கொஞ்சம் தண்ணி விடுவியளோ? கலண்டருக்கு ஒரு படம் எடுக்கவேணும்" என்றேன்.

"வீரகத்தி குழாய் துப்பரவாக்க வந்தவனெல்லே. ஏறிட்டானோ?"

"துணியைக் காணேல்லைத்தானே."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். "ஓம், ஓம். சாப்பிடப் போட்டான் போல" என்றார். நான் சொன்னதில் ஒரு பொய்யாவது இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். துணியைக் காணவில்லைத்தான்.

மெதுவாகத் திறக்கச் சொன்னேன். ஒரேயடியாகத் திறந்தால் பூவெல்லாம் முறிந்துபோகும். அவர் நான் சொன்னபடியே கொஞ்சமாகத் திறந்துவிட்டு, தண்ணீர் கீழ்வாய்க்காலுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கச் சைக்கிளில் போய்விட்டார். நான் எனக்குத் தேவையான படத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். பின்னேரம் துருசை மூடியபோது, குழாய்க் கம்பியோடு வீரகத்தி கிடந்தார்.

மரண விசாரணையில் அவருடைய மனைவி நாகேஸ்வரி அழவில்லை. "சிவப்புக் கட்டாமல் இவர் ஒருநாளும் இறங்கமாட்டார். நான்தான் என்ரை சீலையில கிழிச்சுக் குடுத்தனான். விதானைதான் அவிட்டெறிஞ்சவர்" என்றா. போன போகத்தில் வீரகத்தியின் வயலுக்குத் தண்ணீர் விடாமல் இளையதம்பி சண்டை பிடித்தது முழு ஊருக்கும் தெரியும். துணி இருக்கவில்லை என்று அவர் சத்தியம் பண்ணினார். ஒருவரும் நம்பவில்லை. கொலை என்று சொல்லி அவரை மறியல்வீட்டில் அடைத்தார்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் படம் எடுப்பதில் கவனமாக இருந்தேன் என்றேன். அதுவும் உண்மை.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சுருள் இன்னும் கமராவுக்குள் இருந்தது, ஐயா. சொல்லியிருந்தால் நீங்கள் கமராவைச் சான்றுப்பொருள் என்று எடுத்திருப்பீர்கள். உங்கள் பொலிஸ்காரர்களில் யாராவது ஒருவர் பின்மூடியைத் திறந்து பார்த்திருப்பார். ஒரு கணம் வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும். ஆகவே சுருளை முடித்துத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

இளையதம்பியின் மனைவி விமலேஸ்வரி ஸ்ரூடியோவுக்கு வந்தபடி இருந்தா.

"தம்பி, நீங்கள் அங்கை நிண்டனீங்கள்தானே. துணி இருந்ததோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அந்த மனுசன் வெளியில வந்திடும்."

"படம் வரட்டும் அக்கா. படத்தில எல்லாம் தெளிவாத் தெரியும்."

அவா நம்பிக்கையோடு போவா. பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருப்பதாக ஒருநாள் சொன்னா. கணவருக்காக இல்லை, கப்பல் பத்திரமாக வந்துசேர. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே மனமாகத்தான் இருந்தோம்.

நாகேஸ்வரியும் வந்தா. முப்பத்தோராம் நாளுக்கு வீரகத்தியின் படம் ஒன்று பெரிதாக்கித் தரவேண்டும் என்றா. யாருடையதோ கலியாணப் படத்தில் ஓரமாக நின்றவரைப் பிரித்தெடுத்துச் செய்து கொடுத்தேன். இருட்டறைக்குச் சிவப்பு வெளிச்சம் வேண்டும்; என் சிவப்புப் பல்ப் அந்தக் கிழமைதான் உடைந்திருந்தது. கைவசம் இருந்த துணியைச் சாதாரணப் பல்பில் சுற்றிக் கட்டினேன். வெளிச்சம் கொஞ்சம் கசிந்து, அவருடைய நெற்றியில் புகைபோல ஒரு மூட்டம் விழுந்துவிட்டது. எனக்கு அது மனவருத்தம்தான். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், தம்பி" என்றா. துணி இன்னும் அந்தப் பல்பில்தான் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

நேற்றுத்தான் பார்சல் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஐயா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளை வெள்ளையாகவும், நீலம் நீலமாகவும், தாமரை நான் சொன்ன அந்த உள்ளங்கை நிறமாகவும் விழுந்திருக்கிறது. பார்த்த உடனே கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். இங்கே நான் கொண்டுவந்திருப்பது அதோடு சேர்த்து எடுத்த இன்னொரு படமும், முதலில் எடுத்த சரிவராத படமும். ஒன்றில் சக்கரத்தில் துணி இருக்கிறது. மற்றதில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் குளக்கட்டில் நின்றவன் நான் மட்டுமே. படம் நன்றாக வந்துவிட்டது. இனி இளையதம்பியை விட்டுவிடலாம். படம் பழுதாகி வந்திருந்தால் என்ன செய்திருப்பீர் என்று நீங்கள் கேட்டது வீண் கேள்வி. பழுதான படத்தை யார் சாட்சியாக எடுப்பார்கள்? கோட்டில் நீதவானுக்குக் காட்டும்போது விளக்குக்கு முன்னால் அதிக நேரம் வைக்கவேண்டாம். சூட்டில் நிறம் மங்கும்.

வீரகத்தி உள்ளே இருந்தது எனக்குத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியும். இறங்க முதல் என்னோடு கதைத்துவிட்டுத்தான் இறங்கினார். "தம்பி, துணி கட்டியிருக்கு. ஆரும் வந்தாலும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றார். நான் ஓம் என்றேன். எவ்வளவு நேரம் செல்லும் என்றும் கேட்டேன். மத்தியானம் ஆகிவிடும் என்றார். மத்தியானம் எனக்கு என்னத்துக்கு?

சத்தம் கேட்டதா என்றும் கேட்டீர்கள். கேட்டது. மண்வெட்டியால் குழாயில் அடிக்கிற சத்தம். நான் நின்ற இடத்திலிருந்து சக்கரத்துக்கு ஓடிப்போகலாம். அதைத் திருப்பி மூடவும் எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே கிளறிவிட்ட சேறு. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் மறுபடியும் சேறுதான் வரும். ஆகவே பொறுத்துக்கொண்டு நின்றேன். முதலில் சத்தம் நின்றது. அதற்குக் கொஞ்சம் பிறகு தண்ணீர் தெளிந்தது. கட்டிடத்தின் நிழல் மடுவில் அசையாமல் விழுந்த பிறகே நான் விசையை அழுத்தினேன்.

கொலை என்று எழுத முதல் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஐயா. நான் அந்தப் படத்தை எடுத்த நேரத்தில் உள்ளே உயிரோடு ஒருவரும் இருக்கவில்லை.