சீசரின் முறை

டாபர்மேனுக்குத் தயிர்சாதம் நன்றாகவே ஒத்துக்கொள்ளும், சார். பலர் நம்பமாட்டார்கள். எங்கள் சீசருக்குக் குட்டியிலிருந்தே அதுதான். அசல் சாதி நாய். அதன் பாட்டன் எந்த வீட்டில் வளர்ந்தது என்றுகூட எனக்குத் தெரியும்.

என் மனைவி ஷாலினியின் தம்பி அருள் பிரகாஷ், சிதம்பரத்தில் பொட்டு என்று ஒரு நாய் வளர்த்தான். தாய் மார்க்கெட்டில் திரிந்த தெருநாய். தகப்பன் யார் வீட்டு லேப்ரடாரோ. இரண்டாயிரத்து ஒன்பது கோடையில் அதைக் கடலூருக்குக் கூட்டிவந்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரண்டையும் ஓடவிட்டோம். பொட்டு முந்திவிட்டது.

"கலப்புக்குத்தான் மாமா தெம்பு ஜாஸ்தி. ஒங்க சீசரு வூட்ல அழகா ஒக்காந்திருக்கட்டும்," என்றான்.

ஷாலினி சிரித்தாள். சீசருக்கு அன்று காலை யாரோ வயிறு முட்டச் சோறு வைத்திருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

பிறகு சிதம்பரத்தில் அவன் வீட்டு மதில். பொட்டு ஒரே தாவில் அந்தப் பக்கம் போய்விட்டது. சீசர் மதிலை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. அதில் எதையோ தடவி வைத்திருந்தார்கள். அக்காளும் தம்பியும் சமையலறையில் தணிந்த குரலில் பேசுவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

ஓடுவதும் தாண்டுவதும் பெரிய விஷயமில்லை, சார். ஆபத்தில் மனிதனைக் காப்பாற்றுமா என்பதில்தான் சாதி தெரியும். அதைப் பார்க்காமல் முடிவு சொல்வது நியாயமில்லை.

பரங்கிப்பேட்டையில் தெரிந்தவரிடம் படகு கேட்டு வாங்கினேன். வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்கு, தண்ணீர் வெளியே இழுக்கிற நேரமாகப் பார்த்து, அருளும் நானும் இரண்டு நாய்களோடு போனோம்.

"நீச்சல் போட்டியா மாமா? எனக்கே நீச்சல் வராது," என்று சிரித்தான்.

எனக்குத் தெரியும். ஷாலினி சொல்லியிருக்கிறாள்.

பொட்டுவைப் படகின் குறுக்குப் பலகையில் கட்டினேன். முதல் முறை சீசருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் அவனைத் தள்ளினேன்.

சீசர் விளிம்பில் நின்று பார்த்தது. பொட்டு கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்து, அவன் சட்டையைக் கவ்வி, இழுப்பை எதிர்த்துப் படகுவரை கொண்டுவந்துவிட்டது.

"மாமா, கையக் குடுங்க," என்றான்.

அது ஒழுங்கில்லை, சார். முறை சீசருடையது. துடுப்பால் நாயை விலக்கினேன். பிறகு விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்களை. நாய் திரும்பத் திரும்ப வந்தது. நானும் திரும்பத் திரும்ப விலக்கினேன். கடைசியில் அவன் போன பக்கமே அதுவும் போயிற்று.

கரையோரம் இறங்கி என்னை நனைத்துக்கொண்டேன். படகு கவிழ்ந்ததாக வீட்டில் சொன்னேன். ஷாலினி அழவில்லை. சீசரின் முதுகைத் தடவி, கையைப் பார்த்தாள்.

"படகு கவுந்துச்சின்னீங்க. காலைல போட்ட உண்ணிப் பவுடரு அப்டியே இருக்குதே," என்றாள்.

அப்போதும் அவளுக்குச் சீசர்மேல்தான் குறை. அவள் தம்பி தண்ணீரில் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், சீசர் கண்டிப்பாகக் குதித்திருக்கும்.