மழைப்படத்துக்கு ஒற்றை நீலம் தந்த அம்மையார்க்கு

ஆனி முதிர்ந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கி, திரிகூட மலையின் தோளில் முகில் துகிலெனப் படிய, வெயிலும் தூறலும் ஒருங்கே விளங்கும் இப்பருவத்தில், அருவி விழுந்ததென்று ஊரே உவக்கும் இந்நாளில், எம் உள்ளம் மட்டும் கனக்கப் பணிநிறைவு பெறும் தங்களுக்கு விடைதர நிற்கின்றோம்.

வாசுதேவநல்லூர் ஈன்ற வளமே! முப்பத்தோர் ஆண்டுகள் எம் மழைக்கணிப்பு நிலையத்தின் மணிவிளக்கே! எண்களுக்குள் எளியோர் உயிரைக் கண்ட இசக்கிசெல்வி அம்மையே! வணங்குகின்றோம்.

அந்நாளில், எங்கெங்கு எவ்வளவு மழையென்று நிறத்தால் காட்டும் நம் மழைப்படம் வானவில்லின் வண்ணமெல்லாம் வாரி அணிந்திருந்தது. சிறுமழைக்குப் பச்சை. இடைநிலை மழைக்கு இட்ட மஞ்சள், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியாய்க் கண்ணைப் பறிக்கும். பெருமழையின் சிவப்போ ஓரத்தில் ஒடுங்கும். அழகென்று அகமகிழ்ந்தோம் நாங்கள். அதனை அஞ்சியவர் அருவிக் காவலர் பீர் மைதீன் ஒருவரே. காவற்கூடத்துத் திரையில் மேல்மலை மழையைப் பார்த்துக் குளிப்போரைக் கரையேற்றுவது அவர் கடமை. வேலை போய்விடுமே என்ற நடுக்கத்தோடு ஒருநாள் தங்களிடம் மட்டும் உரைத்தார்: "யக்கா, செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுபோலதான் தெரியுது. பக்கத்துல நிக்குத ஆளுகிட்ட கேட்டுத்தான் இம்புட்டு நாளும் விசில் ஊதுதேன்."

ஆளை மாற்றுவதே எளிதென்றிருக்க, தாங்கள் படத்தை மாற்றத் துணிந்தீர்கள். நீலம் ஒன்றே கொண்ட புதுப்படத்தைக் கண்டு எம்முள் மூத்தவரான ஆவுடைநாயகம், "கல்யாண வீட்டை எழவு வீடா ஆக்கிட்டியளே, தாயீ" என்று கேலி பேசினார். தாங்கள் இரு படங்களையும் கருப்புவெள்ளையில் நகலெடுத்து அவர் மேசையில் வைத்தீர்கள். பழையதில் சிறுமழையும் பெருமழையும் ஒரே சாம்பலாய்க் கலந்தன. தங்கள் படத்திலோ மழை கூடக் கூட நிறம் அடர்ந்து, வெளிர்நீலம் முதல் கருநீலம் வரை அளவு அளவாய் நின்றது. அன்றே ஆவுடைநாயகம் அடங்கினார்!

அவ்வாண்டு ஆடியில், அருவிக்கரையில் இளவெயில் காய்ந்திருக்க, படத்தில் மேல்மலை மட்டும் கருத்தது. பீர் மைதீன் எவரையும் கேளாமல் விசில் ஊதினார். வைதுகொண்டே ஏறினர் குளித்தோர். கடைசிக் குழந்தை கரைசேர்ந்து கால்மணி கழியுமுன், பாறைகளை மூடிச் செவ்வெள்ளம் பாய்ந்தது. அன்று தங்கள் கண்ணில் நாங்கள் கண்ட நீரை இன்றும் மறந்திலோம்.

பீர் மைதீனின் இசைவோடே இதனை இவ்வவையில் உரைக்கின்றோம். அருவியில் சாரல் பருவக் கூட்டம் மிகுந்தமையால் அவர் இங்கு வரவில்லை. வைகறைத் தொழுகையில் தங்களுக்காக இருகை ஏந்தி வேண்டிய பின்னரே பணிக்குச் சென்றார். நாங்களும் குழல்வாய்மொழியம்மை சன்னிதியில் தங்கள் பெயரால் ஒரு நெய்விளக்கு ஏற்றி வணங்கி வந்தோம்.

நோயறியா உடலும் நோவறியா நெஞ்சும் வாய்த்து, சுற்றம் சூழ, நூறாண்டு கடந்தும் நிறைவோடு வாழ்க, தாயே!

தங்கள் அன்பில் நனைந்த
மேல்மலை மழைக்கணிப்பு நிலையப் பணியாளர்கள்,
தென்காசி