முதல் பக்கம் மட்டும்

இல்ல பாய், உன் நெட் சென்டர் மிஷின் மேல ஒரு குறையும் இல்ல. லைனும் நல்லாத்தான் கீது. நான் கேக்கறது வேற. ஸ்கூல் விட்டு எங்க அண்ணி வருவாங்க இல்ல, டோரதி டீச்சர், சனிக்கிழமை அரை நாள் முடிஞ்சதும் அந்த மூலையில வந்து உக்காருவாங்களே, அவங்க வந்தா இன்னிக்கு லைன் இல்லன்னு சொல்லிடு. டெலிபோன்காரன் ரோட்டைத் தோண்டிட்டான்னு சொல்லு. கச்சேரி ரோட்டுல அதை நம்பாத ஆளு யாரு.

ஏன்னா கேக்கற? சொல்றேன், முதல்ல கொஞ்சம் தண்ணி குடு. ஷிஃப்ட் முடிஞ்சு நந்தனத்துலேர்ந்து நடந்தே வரேன். பஸ்ல ஏறத் தோணல.

சீ, அதெல்லாம் இல்ல, பட்டப்பகல்ல எவன் குடிப்பான். மூஞ்சி அப்படி கீதா?

என் வேலை இன்னான்னு உனக்கு முழுசாத் தெரியாது. கம்ப்யூட்டர் ஆபீஸ்னு நினைச்சுக்கினு கீற. நானும் கெத்தா அப்படியே விட்டுட்டேன். அமெரிக்காக்காரன் நெட்டுல கீற பக்கத்தையெல்லாம் வாரி எங்களுக்கு அனுப்புவான். சிலது முடியவே முடியாது பாய், கீழ இழுத்துக்கினே போகும். அதை நாங்க துண்டு துண்டா நறுக்கணும். கண்ட இடத்துல இல்ல. விஷயம் எங்க மாறுதோ அங்க ஒரு வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மேல ஒரு தலைப்பு. கறிக்கடைன்னு சொல்றியா? சொல்லிக்கோ. என் மச்சானும் அதான் சொல்றான்.

எதுக்குன்னா, பேரைத் தட்டினா தேடிக் குடுக்குது பாரு, அந்த மிஷின் ஒரு சோம்பேறி. நீளமான பக்கம்னா மேல கொஞ்சம் படிக்கும், போதும்னு போயிடும். அடியில இன்னா எழுதியிருந்தாலும் அதுக்குத் தெரியாது. நறுக்கிக் குடுத்தா ஒவ்வொரு துண்டும் ஒரு தனிப் பக்கம். அப்பத்தான் அடியில கெடக்கறதும் மேல வரும்.

இன்னொரு ரூலும் கீது. தேடி வரவன் வாசல் வழியா வரமாட்டான், நேரா நடுவுல வந்து குதிப்பான். அவன்கிட்ட போய் அவர் வந்தார், அங்க தங்கினார்னா, எவரு, எங்க? அதனால அவர்னு வர இடத்துலல்லாம் பேரைப் போடணும். அங்கன்னா ஊரைப் போடணும். பள்ளிக்கூடத்துல கத்துக்கினது இல்ல பாய் இதெல்லாம், பக்கத்துல கீறவங்க பண்றதைப் பார்த்துப் பழகினது. இப்ப கை அதுபாட்டுக்குப் போகும்.

எங்க எரிக் அண்ணன் கதை உனக்குத் தெரியும். கப்பல்ல சமையல்காரரு. போனவரு வரல. ஏஜெண்டைப் போய்க் கேட்டா, உங்காளு வெளிநாட்டுல, வடக்க ஏதோ துறைமுகத்துல எறங்கி ஓடிட்டாருன்னான். அடுத்த தடவ போனா ஆபீஸே காலி. அப்புறம் சாந்தோம்ல பேசாத வாய் இல்ல. அங்க ஒரு வெள்ளைக்காரியோட குடும்பம் நடத்தறாராம், ஒருத்தி சொல்றா, அதுவும் கோயில் வாசல்ல, அண்ணி காதுபட. அண்ணி திரும்பிக்கூடப் பாக்கல. நேரா சாமியார்கிட்டப் போயி, கடல்ல போறவங்களுக்காகப் பூசையில வேண்டிக்கோங்க ஃபாதர்னு சொல்லிட்டு வந்தாங்க.

நீ நெட் சென்டர் போட்டதும் இங்க வர ஆரம்பிச்சாங்க. அவர் பேரைத் தட்டுவாங்க, ஒண்ணும் வராது. ஒரு தடவ அந்தத் துறைமுகத்துப் பேரைத் தட்டினாங்க. கப்பல்காரங்க தங்கற ஹோம் ஒண்ணு வந்துச்சு, மாதா கோயில்காரங்க நடத்தறது. ஞாபகம் கீதா? வரிசையா கட்டில், பெரிய டீ கெட்டில், படம் போட்டிருந்துச்சே. நீதான் பிரிண்ட் எடுத்துக் குடுத்த. மீதி வேணாமா டீச்சர்னு கேட்ட. அடியில வருஷா வருஷம் ஏதோ எழுதிக்கினே போயிருக்காங்க, எனக்கு எதுக்கு, முதல் பக்கம் மட்டும் போதும்னாங்க.

அதைக் கொண்டுபோய் சமையல்ரூம் அலமாரியில ஒட்டி வெச்சிருக்காங்க பாய். காய் நறுக்கும்போது பாப்பாங்க. இங்கதான் எங்கயாவது உக்காந்து டீ குடிச்சிருப்பாரு, இந்த டீக்கும் ஏதாவது குறை சொல்லியிருப்பாரும்பாங்க. சொல்லிட்டுச் சிரிப்பாங்க.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் எனக்கே வந்துச்சு. வேலையா. அந்த கெட்டிலைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. பக்கத்து சீட்டு வஜீஹாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இது எங்க அண்ணியோட பக்கம்மான்னு. சந்தோஷமாத்தான் நறுக்கினேன். கட்டில் ஒரு துண்டு. சாப்பாடு ஒரு துண்டு. அப்புறம் அந்த ஊரு ஃபாதர் எழுதினது, ஒவ்வொரு வருஷமா.

ரொம்பக் கீழ, நாலஞ்சு வரி. மெட்ராஸ், சாந்தோம், எரிக்னு ஒரு சமையல்காரர், காய்ச்சலோட, கையில ஒரு பேப்பர்கூட இல்லாம, கப்பல்காரன் கரையில விட்டுட்டுப் போயிட்டான். பேரு அதோட சரி. அதுக்கப்புறம் எல்லாம் அவர், அவர், அவர். அவரால நடக்க முடியல. எரிக்கால நடக்க முடியலன்னு போட்டேன். அவர் வீட்டுக்கு எழுதச் சொன்னார், விலாசம் சொல்றதுக்குள்ள நினைவு போயிடுச்சு. எரிக் எழுதச் சொன்னார்னு போட்டேன். அவரைப் பனி கொட்டும்போது எங்க கோயிலுக்குப் பின்னால அடக்கம் பண்ணோம்னு முடிச்சிருந்தாரு. அங்கயும் பேரைப் போட்டேன் பாய். ரூல் இல்ல? நானே, இந்த விரலாலேயே.

அழல, சும்மா இரு.

சின்னத் துண்டா இருந்தா முந்தின துண்டோட ஒட்டிடணும். ஒட்டல. தனியா விட்டேன், மேல அவரு முழுப்பேரு, ஊரு. எவனும் கேக்கல. நேத்து அமெரிக்காக்காரன் தேடற மிஷின்ல ஏத்திட்டான். காலையில ஆபீஸ்ல எரிக் அண்ணன் பேரைத் தட்டிப் பார்த்தேன். முதல்ல அவருதான் வராரு.

வாயால சொல்லலாமா? தெனம் போறேனே வீட்டுக்கு. காபி குடுக்கறாங்க, குடிச்சிட்டு வந்துடறேன். அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கினு உக்கார்றேன். ஏஜெண்டு வாய், கோயில் வாசல் வாய், எல்லாம் கேட்டு அவங்களுக்கு வாய் மேலயே நம்பிக்கை போச்சு. இதுல என் வாய் வேறயா?

மணி இன்னா ஆச்சு? ஸ்கூல் விட்டிருக்கும்.

இல்ல பாய், லைன் இல்லன்னு சொல்லாத. அடுத்த சனிக்கிழமையும் வருவாங்க, அதுக்கு இன்னா சொல்லுவ? எப்பவும் போல தட்டட்டும். அவரு எங்கயும் ஓடலன்னாவது படிக்கட்டும். அந்தச் சேரை மட்டும் இப்படி நகர்த்திப் போடு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.