எங்கள் பெயர் சுட்ட குழல்கள்

குளிரில் மரக்குழலை ஊதுமுன் சட்டைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

1814ஆம் ஆண்டுச் சிப்பாய்களாக உடுத்திக் கோட்டைகளில் அணிவகுக்கும் நோர்வேக்காரர்கள் என்னிடம்தான் வாங்குவார்கள். பழைய குழலை அளந்து, அதேபோல் கடைந்து, அடியில் என் தகப்பனின் பெயரைச் சுட்டுப் பதிப்பேன்: சவிரிமுத்து. நாங்கள் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு அந்தப் பெயரில் பெருமை.

மகன் றஜீவ் இரவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தான். காலையில் பட்டறையில் எனக்கு உதவிவிட்டு, பின்னேரம் பட்டறைக்கு மேலிருந்த அறையில் தூங்குவான். போன வருடம் ஓர்டர்கள் கூடியபோது, தொழிற்சாலைக் குழல்களை வாங்கிச் சாயமேற்றி, எங்கள் பெயரைச் சுட்டு விற்றிருக்கிறான். அவனேதான் வந்து சொன்னான். அழுதான்.

நான் ஏசவில்லை. "பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியிட்டைச் சொல்லு. அங்கை சொன்னது வெளியிலை வராது" என்றேன்.

"சொல்லிட்டன் அப்பா. வாங்கின ஆக்களிட்டையும் சொல்லச் சொன்னவர். ஞாயிறு அணிவகுப்பிலை சொல்லப்போறன்."

"சவிரிமுத்தின்ரை பேரன் கள்ளன் எண்டு மைக்கிலை சொல்லப்போறியோ?"

"1814இலை மைக் இல்லை அப்பா" என்றான். அழுதுகொண்டே சிரித்தான்.

சனிக்கிழமை பின்னேரம் அவன் மேலே தூங்கினான். நான் குழல்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி முடித்தேன். எண்ணெய்த் துணிகளைக் கொடியில் விரித்துக் காயவிட வேண்டும். சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றும். அன்று எல்லாவற்றையும் சுருட்டி, மாடிப்படியின் கீழிருந்த மரச்சீவல் பெட்டிக்குள் அமுக்கினேன். மேலே போய் அவனுடைய போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன். சிறுவயதிலிருந்தே அவனுக்குக் கால் குளிரும். பிறகு தமிழ்ப் பூசைக்குப் போனேன். அந்தப் பூசையை அவனுக்காகத்தான் ஒப்புக்கொடுத்தேன். நான் தீக்குச்சி எதையும் கிழிக்கவில்லை.

திரும்பி வந்தபோது கூரை விழுந்திருந்தது.

அடக்கத்துக்கு அந்தச் சிப்பாய்கள் உடுப்போடு வந்து ஊதினார்கள். தேவாலயம் முழுவதும் எழுந்து நின்றது. என் மனைவி இன்னும் மேசையில் அவனுக்கும் கோப்பை வைக்கிறாள். சாப்பிட்டு முடிந்ததும் நான்தான் அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கிறேன்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆனால் துணிகளை றஜீவ் கவனமில்லாமல் போட்டதால் தீப்பிடித்தது என்று உங்கள் பொலிஸ் ஆட்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். தேவாலய வாசலிலும் இப்போது அதுதான் பேச்சு. அதைத் திருத்தி எழுதுங்கள் ஐயா. துணிகளைச் சுருட்டி வைத்தவன் நான், தெரிந்துதான் வைத்தேன். சவிரிமுத்து பட்டறையில் எவரும் கவனக்குறைவாக வேலை செய்வதில்லை.