ஆஹா சாரின் கடைசிப் பயிற்சி

சிரிக்கப் போறீங்க சார். கடைசியில ஒரு விஷயம் சொல்றேன், விழுந்து விழுந்து சிரிப்பீங்க. இப்ப இல்ல. முதல்ல அந்த ட்ராலியைத் தள்ளுங்க. ஏப்ரன் நாடா தொங்குது பாருங்க, சக்கரத்துல மாட்டிக்கும். ஆங், இழுத்துக் கட்டுங்க.

நானா? நான் கை வைக்கக் கூடாது சார். இந்தக் கூடையைக் கவுத்துப் போட்டு மேல உக்காந்து பாக்கறது மட்டும்தான் என் வேலை. நேத்து போன்லயே சொன்னாரே ட்ரெய்னர், ஹோட்டல் நம்பர்லருந்து பேசறேன், காலையில பார்வையாளரா ஒரு பொண்ணு வருவா, நீங்களே கேட்டைத் திறந்து விடுங்க, போனை ஆபீஸ்லயே வச்சுட்டு வாங்கன்னு. வயசா? என்ன சார், பொம்பளைப் பிள்ளைகிட்ட வயசெல்லாம் கேட்டுக்கிட்டு. தள்ளுங்க.

கனக்குதா? ஆஸ்பத்திரி பெட்ஷீட் சார், ஈரத்தோட அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷமா இந்த லாண்டரிக்கு மேனேஜரா இருக்கீங்க, இதைத் தொட்டுப் பாத்ததே இல்லையா? சரி விடுங்க, இன்னிக்கு அந்தக் குறை தீரட்டும்.

ஆனா ஒரு விஷயத்துல உங்களைப் பாராட்டணும் சார். பயிற்சின்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும், ஏன் எதுக்குன்னு கேக்கவே மாட்டீங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு நாற்காலி மேல ஏறி நின்னு பின்பக்கமா விழுங்கன்னாரு, விழுந்தீங்க. பிடிக்க வேண்டியவங்கள்ல பாதிப் பேரு அப்ப டீ குடிக்கப் போயிருந்தாங்களாமே? வாயில ஸ்பூன், ஸ்பூன்ல எலுமிச்சம்பழம், ஆபீஸைச் சுத்தி நடங்கன்னாரு, நடந்தீங்க. அவரு குரல் அப்படி சார், தேன்ல முக்கின பஞ்சு. ஆஹா! அற்புதம் நண்பரே! விழுந்ததுக்கும் நமக்கு நாமே ஒரு கைதட்டல்!

எப்படி, ஒட்டுதா? யார் குரலையும் ரெண்டு தடவை கேட்டாப் போதும் சார், எனக்கு வந்துடும். இங்க அவருக்குப் பேரே ஆஹா சார்தானாமே. அட, சிரிச்சுட்டீங்களா? இது அந்தச் சிரிப்பு இல்ல சார். அது இன்னும் வரல.

என்ன, நின்னுடுச்சா? கதவுல இடிச்சிடுச்சா? கொஞ்சம் பின்னால எடுத்து, நேரா வச்சு, இன்னொரு தடவை முட்டிப் பாருங்க. போகாது. இங்கருந்து உலர்த்துற ஹாலுக்குப் போக இருக்கிறது இந்த ஒரு கதவுதான். வண்டி புதுசு, கதவு பழசு.

அந்தக் கதைதான் சார் சொல்ல வந்தேன். பெரிய வண்டி வந்தா நடை பாதியாக் குறையும்னு ஆஹா சார் சுவத்துல படம் போட்டுக் காட்டினாரு. நல்ல யோசனைதான், நான் ஒண்ணும் சொல்லல. கதவையும் அகலமாக்கித் தர்றேன்னு நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. ஒவ்வொரு பகுதியிலயும் ஒருத்தரைப் பிடிச்சு, மாற்றத் தூதர்னு எழுதின பச்சை பேட்ஜைக் குத்தி விட்டீங்க. துவைக்கிற பகுதிக்கும் ஒருத்தங்க கிடைச்சாங்க.

அவங்க முழுசா நம்பிட்டாங்க சார், அதுதான் அவங்க செஞ்ச தப்பு. வீட்டுக்கு வந்தும் பேட்ஜைக் கழட்டல. கண்ணாடி முன்னாடி நின்னு கையை ஆட்டி ஆட்டி ஒத்திகை. தோழிகளே, மாற்றம் நம்மகிட்டருந்து தொடங்கணும்! அடுப்புல பால் பொங்கி வழியுது, இவங்க மாற்றம் மாற்றம்னு நிக்கிறாங்க.

அதே ஜோர்ல இங்க வந்து மேசை மேல ஏறி நின்னு பேசினாங்க. ஒருத்தரும் அசையல. அப்ப சைரன் அக்காதான் கையைத் தூக்கினாங்க. தெரியுமில்ல, இவங்களோட உயிர் சிநேகிதி, அத்தனை மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கூப்பிடுவாங்களே. ஏய், இவ சொன்னா சரியாத்தான்டி இருக்கும்! வாங்கடி, தள்ளித்தான் பாப்போம்! அந்த ஒரு குரலுக்குத்தான் சார் எல்லாரும் வந்தாங்க. உங்க பேட்ஜுக்காக இல்ல.

வண்டி வந்துச்சு. கதவு வரல.

தூதர் உங்க ரூமுக்கு வந்து கேட்டாங்க. மறுபடி கேட்டாங்க. திரும்பவும் வந்து நின்னாங்க. நீங்க என்ன சொன்னீங்க? இருங்க, உங்க குரலுக்கு முதல்ல தொண்டையைச் செருமணும். க்கும். இதோ பாரும்மா. கதவை மாத்தறதுக்கு முன்னாடி மனசை மாத்தணும். நீ தூதரு, நீயே இப்படிக் குறை சொல்லிக்கிட்டு வந்தா எப்படி?

ஏன் சார் முறைக்கிறீங்க? இதுவும் பயிற்சிதான், கேட்டுக்கணும்.

எனக்கு அந்த இடத்துலதான் சார் பத்திக்கிட்டு வருது. ஆளுங்ககிட்ட போனா, நீ மேனேஜரோட ஆளுங்கறாங்க. மேனேஜர்கிட்ட வந்தா, நீ அவங்களோட ஆளுங்கறீங்க. ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு நிக்க அவங்க என்ன, இந்த ட்ராலியா? எல்லாத்தையும் மாத்தறதுக்குன்னு ஒரு ஆளை வச்சுட்டு, அவங்க ஒண்ணே ஒண்ணு மாத்தச் சொன்னா காதுல வாங்க மாட்டீங்க. அப்புறம் என்னத்துக்கு சார் பேட்ஜு? துணி காயப் போடற கிளிப்பைக் குத்தி விட்டிருந்தாலாவது உபயோகமா இருந்திருக்கும்.

கத்தலையே. சரி, கத்தினேன். மெதுவாப் பேசறேன். நீங்க வண்டியை ஒரு பக்கமாத் தூக்கிச் சாய்ங்க. ஆமா, தினம் இங்க வேலை பாக்கறவங்க அப்படித்தான் நுழைக்கிறாங்க. விரலு, சார், விரலு! கதவு நிலையில கையைக் கொடுக்காதீங்க! சைரன் அக்கா விரல் நசுங்கினது அங்கதான். கட்டோட வேலைக்கு வந்தவங்களைப் பாத்து, கவனமா இருந்திருக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க.

அன்னியிலருந்து சைரன் அக்கா தூதர்கூடப் பேசறதில்ல. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். சைரன் வாயை மூடிக்கிச்சு சார், அதைத்தான் தாங்க முடியல. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் அந்த ஓரம், இவங்க மட்டும் சோப்பு டிரம்முக்குப் பக்கத்துல தனியா. டிபன் பாக்ஸ் தொடாம அப்படியே திரும்பி வருது. கேட்டா பசிக்கலயாம். குளியலறைக்குள்ள போய், குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழறாங்க. வெளியில கேக்காதுன்னு நினைப்பு.

இன்னிக்கு வேலை ஆரம்பிச்சதும் பேட்ஜை உங்க மேசையில வச்சுட்டு, வேலையையே விட்டுட்டுப் போறதா முடிவு பண்ணிட்டாங்க. போயி? நாலு வீட்ல பாத்திரம் தேய்ப்பாங்களாம். ஒரு கறை விடாம எடுத்துட்டு, வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டி, இப்ப பாருங்கடின்னு நிமிர்ந்து நிப்பாங்களே சார், அந்த மனுஷி.

பெல் அடிச்சுடுச்சு. எல்லாரும் உலர்த்துற ஹால் வழியாத்தான் உள்ள வருவாங்க. அய்யோ, வண்டியைத் திருப்பாதீங்க, அப்படியே சாய்ச்சுப் பிடிங்க. யாரும் சிரிக்கல சார். ஏப்ரன்ல இருக்கறது யாருன்னே அவங்களுக்கு இன்னும் பிடிபடல.

இப்ப லேசா இருக்கா? அந்தப் பக்கம் ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சிருக்காங்க. பெட்ஷீட் குவியல் மறைக்குது, உங்களுக்குத் தெரியாது. ஒருத்தங்க கையில கட்டு. இன்னொருத்தங்க நெஞ்சுல பச்சை பேட்ஜு. முகத்தைப் பாத்துக்கல. ஆனா ஆளுக்கொரு மூலையைப் பிடிச்சிருக்காங்க.

என்னது? அவங்க வீட்டுக் குளியலறையில நடக்கறது எனக்கு எப்படித் தெரியுமா?

எங்க வீட்ல இருக்கிறதே ஒரே ஒரு குளியலறைதான் சார். வாளியும் கையுமா வெளியில நிக்கிறவ நான்தானே.

ட்ரெய்னர்கிட்ட இப்பவே பேசணுமா? அவரை ஏன் சார் பாவம் எழுப்பறீங்க? அவரு ஊர்ல நிம்மதியாத் தூங்கிக்கிட்டிருப்பாரு. நேத்து வந்தது ஹோட்டல் நம்பரும் இல்ல, எங்க மாமா நம்பரு. நண்பரே, அற்புதமான கடைசிப் பயிற்சி ஒண்ணு இருக்கு, தனியாச் செய்யணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது... இந்தக் குரல்தானே சார் கேட்டுச்சு? விழுந்து விழுந்து சிரிப்பீங்கன்னு சொன்னேனே, அது இதுதான்.

சார். சார்! திட்டறதை அப்புறம் திட்டுங்க, போலீஸைக்கூடக் கூப்பிடுங்க, ஓட மாட்டேன். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா இப்ப மட்டும் கையை விட்டுடாதீங்க. விட்டா மொத்தமும் அவங்க ரெண்டு பேர் மேலதான் சாயும்.