நாற்பத்தொரு சதவீதக் கெட்டிமேளம்

— ஆக அத்தான், ஒலியைப் பெட்டிக்குள்ள அடைக்கணும்னு மனுசகுலம் நூத்தம்பது வருசமா பட்ட பாடு, இன்னைக்கு, இந்தச் சேரன்மகாதேவி கல்யாண மண்டபத்துல, உங்க மைக்செட் மேசை மேல நிறைவு பெறுது. இதுக்கு மேல கண்டுபிடிக்க ஒண்ணுமில்லை.

— அது சரி மாப்ள. எத்தனை சதவீதம்?

— பதினொண்ணு.

— நான் காபி குடிக்கப் போகையிலயும் பதினொண்ணுதானலே சொன்ன?

— அப்போ பத்து புள்ளி ஆறு. உழைப்பை மதிக்கணும் அத்தான்.

— கோமதிசங்கரு, நல்லாக் கேட்டுக்கோ. மணி ஒம்பது. முகூர்த்தம் பத்தரைக்கு. நாயனக்காரவுக வேனு கல்லிடைக்குறிச்சிக்கு அங்கன அச்சு முறிஞ்சு கெடக்கு. இருக்கது உள்ளங்கை அகலத்துல இந்தப் பாட்டுப்பெட்டி ஒண்ணுதான். இதுவும் பாடலைன்னா நான் என்ன, சாம்பார் அண்டாவைக் கவுத்திப் போட்டா அடிக்க?

— பாடுறதுல அதை அடிச்சுக்க ஆளில்லை. கம்பெனிக்காரன் போட்டதைத் தள்ளிட்டு நான் ஏத்தினது இது. உலகம் பூரா இருக்க நல்லவங்க சம்பளமே வாங்காம எழுதின மென்பொருள். என்ன, பாட்டை உள்ள வாங்கி வட்டுல எழுதும்போது மட்டும்...

— பைய எழுதுதோ?

— யோசிச்சு எழுதுது.

— வெளங்கிரும். நேத்து வரைக்கும் என் மங்கல இசை அதுக்குள்ள நல்லாத்தானலே கெடந்துது? அதை ஏன் அழிச்ச?

— சுருக்கி வச்சிருந்திய அத்தான். நான் உங்க பழைய கேசட்டுல இருந்து ஒரு மூச்சுக்காத்து கூடக் குறையாம எடுத்திருக்கேன். ஒரே ஃபைலு, ரெண்டு ஜிபி. நாயனக்காரர் ஊதுறதுக்கு முன்ன சீவாளியை எச்சில் தொட்டு நனைக்கது கூடக் கேக்கும்.

— எச்சிலைக் கேக்கவாலே முன்னூறு பேரு வந்திருக்கான்? லேப்டாப்புல இருந்தே நேரா உடேன்.

— சார்ஜரைச் சொருகினா ஹார்ன்ல 'ஙொய்'ங்கு. புடுங்கினா லேப்டாப் செத்துருது. கோட்பாட்டளவுல ரெண்டுமே சாத்தியம்தான்.

— கோட்பாட்டளவுல நீயும் மச்சினன்தான். ஏலே, பொண்ணோட அப்பா பிச்சைக்கண்ணு அண்ணாச்சி ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. மூத்தவ கல்யாணத்துல பட்டது அவருக்கு மறக்கலை.

— யாருக்கு மறக்கும்? தாலி கட்டப் போற நேரம். நீங்க ஃபோனைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயர்ல சொருகி வச்சிருக்கிய. அய்யரு 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'ங்காரு. நாலு ஹார்ன்லயும் எங்கக்கா, 'கேஸ் தீந்துபோச்சு, சிலிண்டருக்குச் சொன்னியளா இல்லியா'ங்கா.

— போதும்லே.

— அந்த மாப்பிள்ளைக்கு வீரவநல்லூர்ல இன்னைக்கும் 'சிலிண்டர்'னுதான் பேரு. நான் காலேஜ் மலர்ல கட்டுரையே எழுதினேன். 'ஆம்ப்ளிஃபயரில் ஃபோனைச் சொருகுபவன்: அழிய வேண்டிய ஓர் இனம்'.

— அது நான்தானலே!

— பேரு போடலை. ஊரு மட்டும் போட்டேன்.

— இளிக்காத. ரெண்டு வருசமா அந்த மனுசன் தெருவுல நான் தலை காட்டலை. உங்கக்கா கோமு போய் நின்னு கண்ணைக் கசக்கித்தான் இந்த எளையவ கல்யாணம் கெடச்சுது. 'வாரும்வே. ஆனா மேசைகிட்ட ஃபோனு என் கண்ணுல பட்டுது, அந்த நிமிசமே ஹார்னை அவுத்துட்டுப் போயிரும்'னுட்டாரு. இதுவும் போச்சுன்னா இந்த ஆத்தங்கரையில ஒருத்தன் எனக்குப் பந்தலைக் காட்ட மாட்டான்.

— அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்.

— அதான்லே எனக்குப் பயமே. எத்தனை?

— பன்னெண்டு.

— மாப்ள, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. காலையில இந்தப் பெட்டியைப் பையிலருந்து எடுக்கையில அதுமேல இருக்க பூட்டுப் பொத்தான் தள்ளியிருந்துது போல. அப்படியே ஆன் பண்ணினேன், திரையில பழைய கம்பெனிப் படம் வந்துது. கம்பெனிக்காரன் போட்டது இன்னும் உள்ளதான் கெடக்கு. அதுல போட்டு எழுதிப் பாப்பமா?

— அத்தான், விடுதலையாகி வந்தவன் கைவிலங்கை அலமாரியில வச்சிருப்பான். ஒரு ஞாபகத்துக்கு. எடுத்து மாட்டிக்கிட மாட்டான்.

— விலங்கு வெரசா எழுதும்லா?

— தன்மானம்னு ஒண்ணு இருக்கு.

— அது எனக்கும் இருந்துது. சரி, யாருக்குலே ஃபோன்ல தட்டிக்கிட்டே இருக்க? அதை முதல்ல பைக்குள்ள போடு.

— மணி பார்த்தேன்.

— மணி பாக்க ரெண்டு பெருவிரலுமாலே வேணும்?

— ஹாஸ்டல்ல என்கூட இருக்க அய்மனுக்கு ஒரு வாழ்த்து.

— எதுக்கு?

— நல்ல நாளுல்லா.

— வெளங்கிரும். நான் போய் வெளிய ஒயரைப் பாத்துட்டு, பந்தியில ரெண்டு இட்லியைப் பிச்சுப் போட்டுட்டு வாரேன். வரும்போது முடிஞ்சிருக்கணும்.

— போயிட்டு வாங்க. எல்லாம் திட்டப்படி நடக்கு.

— வந்துட்டேன் மாப்ள, மணி பத்தேகால். எத்தனை?

— நாப்பத்தொண்ணு. பாதி முடிஞ்ச மாதிரிதான்.

— பாதித் தாலியாலே கட்டச் சொல்ல? பொண்ணு மணவறைக்கு வந்துட்டா! அங்கன பாரு, அண்ணாச்சி கையை ஆட்டுதாரு. நாயனத்தை உடணுமாம். என்னத்தலே உடட்டும்? உன் கட்டுரையை வாசிக்கட்டுமா?

— நீங்க அவருகிட்டப் போய் ரெண்டு வார்த்தை பேச்சுக் குடுங்க அத்தான். திரும்பி வரையில நாயனம் கேக்கும். என் பொறுப்பு.

— ஏலே, நீ பொறுப்புங்கும்போதுதான்...

— போங்க அத்தான்.

— மாப்ள! ஏ மாப்ள! கேக்குதுலே! நாயனம் என்னமா எழும்புது! நான்தான் வாயில வந்தபடி உன்னைப் பேசிட்டேன். அண்ணாச்சி என் தோளைத் தட்டி, 'இப்பத்தான்வே நீரு மைக்செட்டு'ன்னாரு. கண்ணு கலங்கிட்டு எனக்கு. நாப்பத்தொண்ணு எப்படிலே பொசுக்குனு நூறாச்சு?

— கடைசியில வேகம் பிடிச்சுக்கிட்டு.

— அந்த எச்சில் சத்தந்தான் கேக்கலை.

— கல்யாண வீடுல்லா. அடக்கமா நனைக்காரு.

— பெட்டி எங்க? எதுக்குலே மேல துண்டைப் போட்டு மூடியிருக்க?

— தூசி.

— துண்டுக்குள்ள என்னமோ மினுங்குது.

— மூச்சு விடுது அத்தான்.

— நாயனம் ஏன்லே நின்னுட்டு? ஹார்ன்ல என்ன மணியடிக்கு? ஏலே... ஏலே, அது ஃபோனாலே?

— கட் பண்ணுதேன், கட் பண்ணுதேன், துண்டுல சிக்கிக்கிட்டு—

— பாவி, கால் வராம இருக்க அந்த விமானப் படத்தையாவது அமுக்கி வச்சிருக்கலாம்லா!

— அமுக்கினா நெட்டுல இருந்து நாயனம் எப்படி அத்தான் வரும்?

— சேப்பைத் தொடாம பச்சையத் தொட்டுட்டலே! பச்சையத் தொட்டுட்ட!

— மக்கா கோமதி! அய்மன் பேசுதேன். உன் மெசேஜை இப்பத்தான் பாத்தேன். 'காப்பாத்து, அத்தான் கொன்னுருவாரு'ன்னு பதினாலு தடவை போட்டிருக்க. ஏலே, நம்ம சாஃப்ட்வேருல எழுதுனா நத்தை மாதிரி பையத்தாம்லே போவும். அதுல எவன் எழுதுதான்? பூட்டைத் தள்ளி வச்சுக்கிட்டு போடு, பழைய கம்பெனிப் படம் வரும். அதுல ரெண்டே நிமிசத்துல எழுதிட்டு, பொறவு நம்மளுதுல பாட உடு. நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்யுதோம். இது தெரியாமலா எங்களுக்கெல்லாம் ஒரு மாசமா வகுப்பெடுத்த? ஹலோ? என்னலே, அங்கன ஒரே கூட்டம் சிரிக்க மாதிரி கேக்கு?

— புடுங்குலே அந்த ஒயரை!

— புடுங்கிட்டேன்.

— மணி பத்து இருபத்தஞ்சு. பிச்சைக்கண்ணு அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாரு. இங்கனதான் வாராரு.

— வந்து சேர எம்புட்டு நேரமாகும் அத்தான்?

— நடுவுல முன்னூறு பேரு சிரிச்சுக்கிட்டு நிக்கான். விலக்கிக்கிட்டு வர ரெண்டு நிமிசமாவது ஆகும்.

— ...அத்தான்.

— என்ன?

— அந்தப் பூட்டை எந்தப் பக்கம் தள்ளணும்?