தட்டி எழுப்புற அலாரம்

லுக்குட் டவுனில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால், காதுக்கருவி மாட்டிய ஓர் அக்கா கடைக்காரரிடம் கேட்டார்:

"தட்டி எழுப்புற புகை அலாரம் இருக்கா, தம்பி?"

"அலாரம் எப்படிக்கா தட்டும்? கத்தத்தான் செய்யும். இதான் இருக்கறதுலயே சத்தமானது."

"காது மெஷினக் கழட்டிட்டுத்தான் நான் படுப்பேன். போன வாரம் மத்தியானம் கண்ணசந்துட்டேன். அடுப்புல சட்டி கருகி வீடு பூரா புகை. வீட்டுக்காரரு வந்து காலத் தட்டினாரு, முழிச்சேன். நாளையிலேருந்து அவருக்கு தம்பின் டவுன்ல வேலை, வீட்டுல இருக்க மாட்டாரு. தலகாணிக்கு அடியில வச்சா குலுக்குமாமே, அது வேணும்."

"அது இங்க இல்லக்கா. இது அடிச்சா, ஆளுங்கள வேலைக்கு எழுப்புற காலைப் பெரட்டு மணி மாதிரி எஸ்டேட்டே எழுந்துரும் லா."

அக்கா இரண்டு காதுக்கருவிகளையும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்ப அடி."

கடைக்காரர் அலாரத்தின் பட்டனை அழுத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டோம். வெளியே மோட்டாரில் போனவர் வண்டியை நிறுத்திவிட்டார். அக்கா திரும்பி எங்கள் ஒவ்வொருவரின் கையையும் நிதானமாகப் பார்த்தார்.

"எஸ்டேட்டு எழுந்துருச்சு, தம்பி. இப்ப என்னை எழுப்புறத ஆர்டர் போடு."